படித்தோர் கண்ட க்ஷீணம்

ஆங்கில வருஷம் பிறப்பதற்கு முந்திய நாளாகிய டிசம்பர் 31-ஆம் தேதியன்று, அரக்கோணம் ரயில் சந்திப்பிலும் அங்கிருந்து திருத்தணிக்குப் போகிற பஸ்களிலும், கையில் தாளமும் தோளில் மிருதங்கமும் பையில் பாட்டுப் புத்தகங்களுமாகப் பஜனைக் கோஷ்டியார் வந்து நிறைவதைக் காணலாம். திருத்தணி மலையில் முருகன் சந்நிதிக்கு ஏறிச் செல்லும் படிகள், வருஷத்தின் நாட்களைப் போல் 365. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, சூடம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி முடித்த பிறகே அடுத்த படியில் கால் வைப்பது என்ற நியமத்தோடு அந்தக் கோஷ்டிகள் மலையேறுகின்றன. பாட்டுத் தெரிந்த பெரியவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, பின்னால் நிற்கும் பெண்களும் பிள்ளைகளும் அதை வாங்கிப் பாடுகிறார்கள். சந்தம் நாக்கில் புரளாத சிறுவன்கூட, கடைசிச் சீர் வரும்போது குரலை உயர்த்திப் பெருமாளே என்று முடித்து விடுகிறான்.

இது ஆகமங்களில் விதித்த புராதன உற்சவம் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் இதற்கு வயது நூறுக்குச் சற்றே அதிகம். 1917-ஆம் ஆண்டின் முடிவில், முதல் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், வள்ளிமலைச் சுவாமிகள் என்று ஜனங்கள் அழைத்த சச்சிதானந்த சுவாமிகள் இதைத் தொடங்கி வைத்தார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த நம்மவர்கள், ஜனவரி முதல் தேதி பொழுது விடிந்ததும் பழத்தட்டும் மாலையும் ஏந்திக்கொண்டு, தங்கள் மேலதிகாரிகளான வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா வாசலில் காத்து நின்று சலாம் போட்டுவிட்டு வருவது அப்போது ஏறக்குறையக் கட்டாயமாகிவிட்ட ஒரு வழக்கம். அதைக் கண்டு மனம் வருந்திய சுவாமிகள், வருஷப் பிறப்பன்று ஒரு துரையைத்தான் பார்க்கவேண்டும் என்றால் எல்லாத் துரைகளுக்கும் மேலான தணிகைத் துரையைப் போய்ப் பார்க்கலாமே என்று சொல்லி, அடியார்களைத் திரட்டிக்கொண்டு படியேறினார் என்பது வரலாறு.

அந்தக் காலத்துப் படிப்பாளிகளில் ஒரு சாரார் ஆங்கில நாகரிகத்தை முழுவதும் ஏற்றுக்கொள்வதே உய்யும் வழி என்றார்கள். மற்றொரு சாரார் அதனால் தர்மமே அழிந்துவிட்டது என்று சோகித்திருந்தார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவரும், ஒரு காலத்தில் மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் வேலை பார்த்தவருமான இந்தத் துறவி, அன்னியருடைய தேதியை ஒதுக்கவுமில்லை, அதற்கு அடிபணியவுமில்லை. அந்தத் தேதியை அப்படியே எடுத்து, ஜனங்களின் கால்கள் போகும் திசையை மட்டும் மாற்றினார். இன்றைக்கு ஆங்கில வருஷப் பிறப்பின் நள்ளிரவில் கோயில்களைத் திறந்து வைப்பது சம்பிரதாய விரோதம் என்று ஆட்சேபிக்கிற ஆகம பண்டிதர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு தலைமுறைக்கு வீழ்ச்சியைத் தடுக்கும் பரிகாரமாகத் தோன்றிய ஓர் இரவு, வேறொரு தலைமுறையின் கற்றோர் சிலருக்கு வீழ்ச்சியின் அடையாளமாகவே தோன்றுகிறது என்பதை நாம் நின்று யோசிக்க வேண்டும். கற்றறிந்தோர், தம் சமூகத்தின் பண்பாடு தேய்ந்து வருகிறது என்று எப்போது, எதைக் கண்டு சொல்கிறார்கள்? அந்தக் கூற்றை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தத் துயரம் ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ உரியதன்று. யுகந்தோறும் தர்மத்துக்கு ஒரு கால் குறைகிறது என்று நம் புராணிகர்கள் கணக்கிட்டார்கள். பதினான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இபின் கல்தூன் என்னும் வரலாற்றாசிரியர், பாலைவனத்துக் கூட்டத்தாரைப் பிணைத்து நிறுத்துகிற ஒருமைப்பாட்டுணர்ச்சி, நகரத்துச் செல்வத்தில் ஊறிச் சில தலைமுறைகளுக்குள் தளர்ந்துபோவதால்தான் ராஜ்யங்கள் சரிகின்றன என்று 1377-இல் எழுதினார். முதல் யுத்தம் முடிகிற தறுவாயில், 1918-இல், ஜெர்மானியரான ஸ்பெங்லர் மேலைநாடுகளின் வீழ்ச்சியைப் பற்றிய தம் பெருநூலின் முதற்பாகத்தை வெளியிட்டு, நாகரிகங்களும் பிறந்து வளர்ந்து மூத்து மடிவன என்று சாதித்தபோது, யுத்தத்தில் பிள்ளைகளை இழந்த ஐரோப்பா அதை ஆவலோடு வாங்கிப் படித்தது.

திருத்தணிக்கே இந்த விசாரத்தில் ஒரு பெரிய பங்கு உண்டு. 1888-இல் இந்த ஊரில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1929-இல் நாகரிகத்தின் எதிர்காலத்தைக் குறித்து எழுதிய சிறு நூலுக்குக் கல்கி என்றே பெயர் வைத்தார். யுகத்தின் முடிவில் வரும் அவதாரத்தின் பெயரை அவர் தேர்ந்தெடுத்தது, விஞ்ஞானம் உலகத்தை வெளியே ஒன்றாக்கிக்கொண்டிருக்க, மனிதனுடைய உள்ளம் அந்த ஒருமைக்குத் தக்கபடி வளரவில்லை என்ற கவலையினால். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த காலத்தில், பாதிரிமார்கள் ஹிந்து தர்மத்தின் மேல் தொடுத்த கண்டனங்களைக் கேட்டு மனம் நொந்தவர் அவர். அந்த நோவு, வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுத வைத்தது. அதுவே அவருடைய ஆயுள் முழுவதுமான பணிக்கு வித்தாயிற்று. துயரம் ஒருவனை உழைப்பில் செலுத்தினால் அது எவ்வளவு பயன்தரும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் இந்தப் பக்கத்தார் தேடவேண்டியதில்லை.

என்றாலும், கற்றோரின் துயரமெல்லாம் அப்படிப் பயன்பட்டுவிடவில்லை. என் அபிப்பிராயத்தில், பண்பாட்டின் வீழ்ச்சி என்று அவர்கள் கண்டவற்றில் பெரும்பகுதி, ஒரு கலையோ வழக்கமோ அழிந்ததனால் தோன்றியதன்று. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதனாலோ, அல்லது அவர்கள் கண்படாத ஓர் இடத்தில் வாழ்ந்துகொண்டிருந்ததனாலோ தோன்றியது. தாம் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிறதையே முழுச் சமூகமாகக் கொள்வது படித்தவர்களுக்கு இயல்பாக நேர்ந்துவிடுகிறது.

அப்படி அவர்கள் நின்ற இடத்தை மாற்றியதில் ரயில் பாதைக்கு ஒரு பங்கு உண்டு. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது, அந்தப் பாதை அரக்கோணம் வழியாகத்தான் போயிற்று; பிறகு ரேணிகுண்டா வழியாகப் பம்பாய்த் திசைக்கு ஒரு பாதையும் செங்கற்பட்டுக்கு ஒரு பாதையும் பிரிய, சிறு கிராமமாக இருந்தது சந்திப்பு நகரமாயிற்று. அந்த ரயில்களில் ஏறிச் சென்னைக்குப் போய், கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படித்து, வக்கீலாகவும் முன்சீபாகவும் திரும்பிவந்த ஒரு வகுப்பார், தாங்கள் சிறுவயதில் விடிய விடியக் கண்ட கூத்தை இப்போது அநாகரிகம் என்று எண்ணத் தலைப்பட்டார்கள். தமிழ் நாடகத்துக்குப் புது வாழ்வு தந்த பம்மல் சம்பந்த முதலியாரே, இளமையில் தமிழ் நாடகங்கள் என்றால் தமக்கு வெறுப்பாக இருந்தது என்று தம் நினைவுகளில் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லுவின் சபையார் சென்னைக்கு வந்து, படித்த உத்தியோகஸ்தர்களே வேஷம் கட்டித் தெலுங்கு நாடகம் ஆடியதைப் பார்த்த பிறகே அவர் மனம் மாறி, அதே ஆண்டில் சுகுண விலாச சபையை நிறுவினார். நாடகம் கௌரவமான தொழில் என்று அவருக்குத் தோன்றியதற்குக் கதையும் பாட்டும் மட்டும் காரணமல்ல. தம்மைப் போன்றவர்கள் ஆடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. அவர் உண்மையை உள்ளபடி எழுதி வைத்ததனால்தான், படித்த வகுப்பாரின் கண் எப்படிப் பழகியிருந்தது என்பதை நாம் அறிய முடிகிறது.

அந்தக் கண் மிகக் கடுமையாக விழுந்தது சதிர் என்னும் நாட்டியத்தின் மேல். 1892-ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில், விருந்துகளிலும் கல்யாணங்களிலும் தேவதாசிகளின் நாட்டியத்தை வைக்கக்கூடாது என்ற இயக்கத்தைச் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் தொடங்கினார்கள். சிறுமிகளைப் பொட்டுக் கட்டிவிடும் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமேயில்லை. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் அதற்காகப் போராடியதும், அதே மரபில் வளர்ந்து துன்பப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், 1936-இல் அதையே நாவலாக எழுதியதும், 1947-இல் சட்டம் நிறைவேறியதும், தமிழ்நாடு பெருமையோடு நினைக்கவேண்டிய செய்திகள். ஆனால் பெண்களின் விடுதலைக்காக எழுந்த அந்தக் குரலோடு, அவர்கள் கையிலிருந்த கலையே சமூகத்தின் சீரழிவுக்குச் சாட்சி என்கிற தீர்ப்பும் சேர்ந்துகொண்டது.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஈ. கிருஷ்ணய்யர் முதலான வக்கீல்களும் ரசிகர்களும் நின்று, சீரழிந்தது கலையல்ல, நாம் அதைக் காக்கத் தவறியதே சீரழிவு என்றார்கள். 1931-இல் மியூசிக் அகாடமி கல்யாணி அம்மாளின் புதல்வியர் இருவரைக் கொண்டு சதிர்க் கச்சேரி நடத்தியது; சில ஆண்டுகளுக்குள் சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது; 1936-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். வீழ்ந்துவிட்டது என்று ஒரு கூட்டத்தார் எதைச் சொன்னார்களோ, அதையே மீட்டுவிட்டோம் என்று இன்னொரு கூட்டத்தார் சொன்னார்கள். கலை மீண்டது உண்மை. அதைத் தலைமுறை தலைமுறையாக அடவு தவறாமல் காத்துவந்த குடும்பங்களில் பாலசரஸ்வதியைப் போன்ற மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் மேடையை விட்டு இறங்கிப் பெயரில்லாமல் மறைந்துபோனதும் உண்மை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சம்பாத்தியத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எடுப்பித்தது, இந்த வாதங்களெல்லாம் நடந்துகொண்டிருந்த 1920-களிலேதான்; தங்கள் குலத்தைக் குறித்து நடந்த அந்த வாதத்தில் அவரைப் போன்றவர்கள் சொல்ல முன்வந்ததைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இங்கே வள்ளிமலைச் சுவாமிகளின் சரித்திரத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாகவேண்டும். தீராத வயிற்று நோயினால் மைசூரை விட்டுப் பழனிக்கு வந்து தங்கியிருந்த அவர், ஒரு நாள் அந்தக் கோயிலில் தாசி ஒருத்தி பாடி அபிநயம் பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்டு மெய்ம்மறந்தார். அது திருப்புகழ் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுகிறார்கள். அந்தப் பாட்டே அவருக்கு வாழ்வின் மந்திரமாயிற்று. அதிலிருந்தே திருத்தணிப் படித் திருவிழாவும் பிறந்தது. அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சென்னை மேடைகளில் அவளுடைய குலத்தின் கலை, சமூகத்தின் நோய் என்று நிந்திக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், பழனி மண்டபம் ஒன்றில் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் அவள் குரலில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அச்சுப் புத்தகத்தில் அருணகிரிநாதர் வாழ்வு பெற்ற கதை வேறு. அதிலும் ஒரு படித்தவரின் துயரமே முதற்காரணம். பதினைந்தாம் நூற்றாண்டில் பாடப்பெற்ற திருப்புகழ் பதினாறாயிரம் என்று மரபு சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது சிலருடைய வாயிலும் சிதறிய ஏடுகளிலுமாகச் சில நூறு பாட்டுகளாக ஒடுங்கியிருந்தது. 1871-இல் கடலூரை அடுத்த மஞ்சக்குப்பத்தில், நீதிமன்றத்தில் வேலை பார்த்துவந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை, சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் வழக்குக்குச் சான்றாகக் காட்டிய நூல்களினிடையே ஒரு திருப்புகழ்ப் பாட்டைக் கண்டு, அதன் சந்தத்தில் மனம் பறிகொடுத்து, இப்படிப்பட்ட நூல் அழியலாமா என்று பதறினார். பதறியதோடு நில்லாமல், முன்சீபாக மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் சுவடி தேடினார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1890-களில் முதற்பாகத்தை அச்சிட்டார். அவருடைய புதல்வர் வ. சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியை ஏற்று, அருணகிரிநாதரைப் பற்றி விரிவான ஆராய்ச்சியும் உரையும் எழுதி, திருத்தணி முருகனிடத்தில் கொண்ட பக்தியினால் தணிகைமணி என்றே பெயர் பெற்றார். இன்று படிதோறும் பாடுகிறவர்களின் கையில் இருக்கிற புத்தகங்களுக்கெல்லாம் மூலம் அந்தத் தந்தையும் மகனும் தேடிச் சேர்த்த ஏடுகள்தாம்.

இதே மலையில் சங்கீதத்துக்கும் ஒரு பெரிய நினைவு உண்டு. முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் முதற் கிருதியைப் பாடியது திருத்தணியில் என்பது வித்வான்கள் போற்றும் வரலாறு. அது சமஸ்கிருதத்தில் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. திருப்புகழ்த் தமிழும் தீக்ஷிதரின் சமஸ்கிருதமும், எல்லைக்கு அப்பாலிருந்து காவடி எடுத்து வருகிற அடியார்களின் தெலுங்கும் ஒரே சந்நிதியில் ஒலித்துவந்ததைக் கண்ட இந்த ஊராருக்கு, 1941-இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் தமிழிசை மாநாட்டைக் கூட்டியதும், அதையொட்டிச் சென்னையில் எழுந்த வாக்குவாதமும் விநோதமாகவே பட்டிருக்க வேண்டும். தமிழ்ப் பாட்டுகள் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கப்படுவதே நம் இசையின் வீழ்ச்சி என்றார்கள் ரசிகர் டி. கே. சி.யும் எழுத்தாளர் கல்கியும்; பாஷையை முன்னிறுத்தினால் சங்கீதத்தின் தரமே வீழ்ந்துவிடும் என்றார்கள் மியூசிக் அகாடமியைச் சேர்ந்தவர்கள். இரு பக்கத்தாரும் சங்கீதத்தை உயிராக நேசித்தவர்கள். இரு பக்கத்தாரும் வீழ்ச்சி என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் வாதாடினார்கள். தரம் வீழவில்லை என்பதைப் பின்வந்த எண்பது ஆண்டுகள் காட்டிவிட்டன; தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் இடமும் கிடைத்தது.

சினிமா வந்தபோது எழுந்த பெருமூச்சுகளை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1931-இல் பேசும்படம் தமிழில் வந்தது முதல், அதை மேலோர் எப்படி அஞ்சியும் அணைத்தும் திருத்த முயன்றும் பார்த்தார்கள் என்பதை எம். எஸ். எஸ். பாண்டியன் தம் ஆராய்ச்சியில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார். பார்க்கிற ஜனங்களின் ரசனையைப் பற்றிப் பார்க்காதவர்கள் கூறிய தீர்ப்புகளே அவற்றில் மிகுதி.

கண்படாத இடத்தில் வாழ்வது என்று மேலே சொன்னேன். அதற்குச் சான்று தேடி அரக்கோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போனால் போதும். வில்லிபுத்தூராரின் பாரதத்தை இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள், அதன் சந்தத்தை நின்று கேட்கும் காது எங்கே இருக்கிறது என்று தமிழ்ப் பேராசிரியர்கள் வருந்துவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பிற்பகல் வேளையில் பந்தல் போட்டு, பாரதப் பிரசங்கியார் ஒருவர் அமர்ந்து, வில்லி பாரதத்து விருத்தங்களை ராகத்தோடு பாடிப் பாடி அர்த்தம் சொல்கிறார். ஆர்மோனியக்காரர் பக்கத்தில் சுருதி கொடுக்கிறார். களத்துமேட்டு வேலையை முடித்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். பிற்பகலில் பாட்டாகக் கேட்ட அதே கதைப்பகுதி அன்றிரவு கூத்தாக ஆடப்படுகிறது. பிரசங்கியார் ஒரு விருத்தத்தில் சீர் மாற்றிப் பாடிவிட்டால், பின்வரிசையிலிருந்து திருத்தம் சொல்லும் கிழவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களாலும் வில்லிபுத்தூரார் வருஷந்தோறும் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறார். நூலகத்துப் பதிவேட்டில் அந்த வாசிப்பு ஏறுவதில்லை.

இரவுக் கூத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வேஷம் கட்டும் கொட்டகையில் அரிக்கேன் விளக்கு வைத்திருந்த இடத்தில் இப்போது மின்விளக்கு எரிகிறது. மற்றபடி காரியம் பழையபடியேதான். துரியோதனன் வேஷக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைக்கண்ணாடியை முழங்காலில் சாத்திக்கொண்டு, அரிதாரத்தைக் குழைத்துத் தாமே முகத்தில் எழுதுகிறார். கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய மரத்தாலான கிரீடத்தையும் புஜகட்டையையும் மார்புப் பதக்கத்தையும் துணைவர் ஒருவர் பின்னாலிருந்து கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார். அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டுதான் அவர் திரைக்குப் பின்னாலிருந்து வந்து கிறுகிறுவென்று சுழலவேண்டும், உச்சஸ்தாயியில் பாடவேண்டும், விடியும் வரையில் குரல் தளரக்கூடாது. இத்தனை அப்பியாசம் வேண்டிய ஒரு வித்தையை, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்வரை படித்தவர்கள் இரைச்சல் என்று ஒரே சொல்லில் தள்ளினார்கள். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைத் தம்பிரான்களின் ஆட்டத்தை 1970-களில் பார்த்த நா. முத்துசாமி, தமிழருக்கென்று ஒரு நாடக மரபு இல்லையென்று நினைத்திருந்த காலத்தில் அது இங்கே ஒவ்வோர் ஆண்டும் ஆடப்பட்டுக்கொண்டிருந்தது என்று உணர்ந்து அதைப் பற்றி எழுதினார். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பிற்காலத்தில் கண்ணப்பத் தம்பிரானுக்கு மத்திய சங்கீத நாடக அகாடமியின் விருது கிடைத்தது.

இதனால் ஒன்றுமே அழியவில்லை, எல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கின்றது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். பதினெட்டு நாள் பாரதம் பத்து நாளாகவும் மூன்று நாளாகவும் சுருங்கிய ஊர்கள் உண்டு. முகவீணை வாசிப்பவர் கிடைக்காமல் ஆர்மோனியத்தோடு மட்டும் ஆடுகிற ஜமாக்கள் உண்டு. மெய்யான நஷ்டத்தை நஷ்டம் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை, இரவெல்லாம் கண்விழித்துக் கூத்துப் பார்த்தவனுக்கும், பிரசங்கியாரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எத்தனை விருத்தங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்று கேட்டறிந்தவனுக்கும் இருக்கிற அளவுக்கு, ஊருக்கு வராமலே ஊரைப் பற்றிப் பேசுகிறவனுக்கு இல்லை.

வந்து உட்கார்ந்தவர் ஒருவர் இந்தப் பக்கத்திலேயே இருந்தார். அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்தில் 1895-இல் பிறந்து, குப்பன் என்ற இயற்பெயரை விட்டு மங்கலங்கிழார் என்று பெயர் பூண்டவர் அவர். சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணிப் பகுதியில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கிலேயே எழுதப் படிக்கக் கற்று, தாய்மொழியில் ஒரு கடிதம் எழுத இயலாதவர்களாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. சென்னையில் இருந்த புலவர்களும் தமிழ் தேய்கிறதே என்று பாடினார்கள், எழுதினார்கள். மங்கலங்கிழார் குருவராஜப்பேட்டையில் ஆசிரியராக இருந்துகொண்டு, அறநெறித் தமிழ்ச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, சுற்றுப்புறத்துக் கிராமங்களுக்கு நடந்து போய், வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். அவரிடம் நன்னூல் பாடம் கேட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகள் புலவர் பரீட்சை எழுதித் தேறித் தாமே தமிழாசிரியர்களானார்கள். இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய வடக்கெல்லைப் போராட்டத்துக்கு ம. பொ. சிவஞானத்தை இந்தப் பக்கத்துக்கு அழைத்து வந்தவர்களில் முதல்வர் அவர். ம. பொ. சி.யோ, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துத் தமிழ் கற்றவர். திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் முதலியோரும் சேர்ந்து நடத்திய கிளர்ச்சிக்குப் பின், எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த படாஸ்கர் அவர்களின் யோசனைப்படி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. மங்கலங்கிழார் அதைக் காண இருக்கவில்லை. அவர் 1953-இல் காலமாகிவிட்டார்.

எல்லை மாறியதும் அதே துயரம் மறுபக்கத்து மக்களைப் பற்றிக்கொண்டது. திருத்தணியிலும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தங்கள் பேரப்பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்களே தவிர, ஒரு பத்யத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியவில்லை என்று அவர்களுடைய பெரியவர்கள் வருந்துகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தினால் பத்தாம் வகுப்பு வரையில் தமிழ் கட்டாயப் பாடமானபோது, மொழிச் சிறுபான்மையோர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் வரையில் போனதன் பின்னே இந்த வருத்தமும் இருந்தது. எல்லா மாணவர்களும் தமிழ் கற்கவேண்டும் என்ற சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். அந்தப் பெரியவர்களின் வருத்தமும், எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊர்களில் தமிழர் பட்ட வருத்தமும் ஒரே ஜாதி என்பதையும் மறுக்க முடியாது. மங்கலங்கிழார் தமிழுக்குச் செய்ததைத் தெலுங்குக்குச் செய்ய அந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவர் முன்வந்தால், பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலை வேளையில் ஒரு கோயில் மண்டபம் அவருக்குப் போதும். அதைத் திறந்துவிடுவதற்குத் தமிழ் பேசும் ஊரார் தயங்கமாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.